இரத்தம் கூறும் கல்லீரலின் கதை

வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் நாம் என்ன செய்கிறோம்? புதுவையின் பல வீடுகளில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது வழக்கம். சில நாட்களில் மஞ்சள் மறைந்ததும் காமாலை போயிற்று என்று மகிழ்கிறோம். உண்மையில் போயிற்றா? அதனைக் கண் சொல்லாது. இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

வயிற்றின் வலப்பக்கம், விலா எலும்புகளின் கீழ் இருப்பது கல்லீரல். பெரியவர்களுக்கு இதன் எடை சுமார் ஒன்றரைக் கிலோ. இது பெரும்பாலும் வலியின்றியே கெடும். ஆகவே மருத்துவர் 'எல்.எஃப்.டி.' என்னும் பரிசோதனையை எழுதித் தருகிறார். அந்தத் தாளில் காணும் முக்கியமான பெயர்களை அறிவோமா?

பிலிரூபின்: சிவப்பணுக்கள் சுமார் 120 நாட்கள் வாழ்ந்து அழியும்போது உண்டாகும் மஞ்சள் நிறப்பொருள். கல்லீரல் இதனைப் பித்தநீரில் சேர்த்து வெளியேற்றுகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 1 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. 2 அல்லது 3-ஐத் தாண்டினால்தான் கண் மஞ்சளாகத் தெரியும்.

எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி.: கல்லீரல் செல்களுக்குள் வேலை செய்யும் நொதிகள். செல் சிதைந்தால், விரிசல் விட்ட பானையிலிருந்து நீர் கசிவது போல, இவை இரத்தத்தில் கலக்கும். இரண்டாவது முதலாவதைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தால், மதுவினால் வந்த கேடோ என்று மருத்துவர் ஐயுறுவார்.

ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ்: பித்தக் குழாய் அடைபட்டால் உயரும். ஆனால் வளரும் எலும்பிலிருந்தும் இது வருகிறது. எனவே நம் வயதினருக்குப் பெரியவர்களைவிடக் கூடுதலாக இருப்பது கண்டு அஞ்ச வேண்டாம்.

ஆல்புமின்: கல்லீரல் செய்யும் புரதம். நோய் நீண்டநாள் நீடித்தால் இது குறையும். காலும் வயிறும் வீங்கும்.

இவற்றுள் ஒன்றை மட்டும் கண்டு முடிவு செய்யலாகாது. எல்லாம் சரியாக இருந்தும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் ஒளிந்திருக்கலாம். அதற்குத் தனி இரத்தப் பரிசோதனை உண்டு. அக்கிருமியைக் கண்டறிந்த புளும்பெர்க் 1976-இல் நோபல் பரிசு பெற்றார். அவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.பி. தியாகராஜனும் பிறரும் சேர்ந்து, அக்கிருமி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்து ஆராய்ந்தனர். மூலிகை உண்டவர்களில் 59 சதவீதத்தினருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று 1988-இல் 'லான்செட்' இதழில் எழுதினர். உலகமே வியந்தது! ஆயினும் பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகளில் அத்தகைய பலன் கிட்டவில்லை. முதல் செய்தியைச் சொன்னதும் இரத்தமே. அதனை மறுத்ததும் இரத்தமே.

நமது ஜிப்மர், 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது. இத்தகைய மருத்துவமனை அருகிலேயே இருக்க, நாம் ஏன் ஊகத்தை நம்பி இருக்க வேண்டும்? ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசியும் உண்டு. பெற்றோரே, பாட்டி தரும் மோரை வேண்டாமென்று நாங்கள் கூறவில்லை. மஞ்சள் கண்டவுடன் மருத்துவரிடம் செல்வோம். மறைந்த பின்னும் ஒருமுறை இரத்தம் கொடுத்து உறுதி செய்வோம். நலமாய் வாழ்வோம்!