கராம்பு எண்ணெயின் குணமும் பயனும்

கமக்காரர்களே! கராம்பு மரம் ஹட்டன் குளிருக்கு ஏற்றதன்று. கண்டி, மாத்தளை, கேகாலை மாவட்டங்களில் அது செழித்து வளர்கின்றது. ஆகவே அதன் எண்ணெயை நீங்கள் போத்தலிலேயே வாங்க நேரிடும். குணமறிந்து வாங்குதல் நன்று.

விரியாத மொட்டுக்களை உலர்த்தி, நீராவியிற் காய்ச்சி வடித்து இவ்வெண்ணெய் பெறப்படுகின்றது. இதன் பெரும்பகுதி யூஜினோல் என்னும் பொருளாகும். காரமும் மரத்துப்போகச் செய்யும் தன்மையும் அதனாலேயே உண்டாகின்றன. பிற எண்ணெய்களைப் போல் இது நீரில் மிதப்பதில்லை, நீரிலும் கனமானது. ஒரு துளியை நீரிலிட்டுக் கலக்கித் தெளியவிடுங்கள். மேலே படலம் நின்றால் வேறெண்ணெய் கலந்திருத்தல் கூடும்.

நறுமணச் சிகிச்சையில் ஒரு துளியைக் கைக்குட்டையிலிட்டு முகர்வர். மனத்துக்கு இதமாயிருக்கலாம்; நோய் தீருமென நம்பிவிட வேண்டாம். மேனியிற் பூசுவதாயின் இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லிலீற்றர், தேங்காயெண்ணெய்க்கு ஒரு துளியே போதும். மரக்கறித் தோட்ட வேலையில் வெடித்த கைகளில் தனி எண்ணெய் பட்டால் எரிந்து புண்ணாகும். பல்வலியைச் சற்று நேரம் அடக்கும், சொத்தையை மாற்றாது.

குழந்தைகள் விடயத்தில் மிக்க எச்சரிக்கை வேண்டும். ஓரிரு தேக்கரண்டி விழுங்கிய சிறுபிள்ளைகளுக்கு வலிப்பும் ஈரற் பாதிப்பும் ஏற்பட்டதுண்டு. இருமல் மருந்தென்று ஊட்டாதீர்கள். தவறி விழுங்கினால் வாந்தியெடுக்கச் செய்யாது, போத்தலையும் எடுத்துக்கொண்டு டிக்கோயா வைத்தியசாலைக்கோ, அண்மையிலுள்ள வேறு வைத்தியசாலைக்கோ உடனே செல்க.