பாயை வீட்டிலேயே விரி

அன்புள்ள சேதுவுக்கு,

அத்தை எழுதுவது. உன் மெயிலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஆறு மாதம் மைசூர் கோகுலத்தில் தங்கி அஷ்டாங்க யோகம் பழகப் போவதாக எழுதியிருக்கிறாய். முடிவு உன்னுடையது, நான் குறுக்கே நிற்க மாட்டேன். உன் அப்பாவிடம் இன்னும் மூச்சு விடவில்லை. அவனுக்கு இப்போதுதான் பி.பி. மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன டிசம்பரில் என் வீட்டில் தங்கி, விடியுமுன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோகுலம் போய் வந்தாயே, அப்போது உன் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. முதுகுவலி மாத்திரை பையிலேயே கிடந்தது. ராத்திரி போனை நோண்டாமல் நேரத்தோடு படுத்தாய். யோகா உனக்கு ஒத்துக்கொள்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பயமெல்லாம் நம் வீட்டு ஆண்களை நினைத்துத்தான்.

தாத்தா சங்கதி உனக்குத் தெரியும். ‘தேடல்’ என்றுதான் அவரும் சொன்னார். கடைச் சாவியைப் பாட்டி கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். திரும்பி வந்தபோது நல்ல ஞானத்தோடுதான் வந்தார், ஒத்துக்கொள்கிறேன். அதற்குள் கடை கைமாறியிருந்தது, பாட்டியின் வளையலும் போயிருந்தது. அப்புறம் உன் பெரியப்பா. அதை நான் எடுக்கவே போவதில்லை. நம் வீட்டில் ஒரு ஆணுக்கு ஞானம் வந்தால் ஒரு பெண் நகைக்கடனுக்கு அலைகிறாள். மெயிலில் உன் மனைவி வித்யாவின் பேர் ஒரே இடத்தில்தான் வருகிறது: “அவள் புரிந்துகொள்வாள்.” பாட்டியும் புரிந்துகொண்டவள்தான், சேது.

நீ கும்பிடுகிற பெரியவர்கள் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்று பார். அஷ்டாங்க குரு பட்டாபி ஜோயிஸ் பன்னிரண்டு வயதில், 1927இல், ஹாசனில் கிருஷ்ணமாச்சாரியார் ஆசனங்கள் செய்துகாட்டியதைப் பார்த்துவிட்டு அவரிடம் போய்ச் சேர்ந்தவர். உன்னைவிடப் பித்து அதிகம். ஆனால் மனிதர் 1937 முதல் 1973 வரை மைசூர் சமஸ்கிருதக் கல்லூரியில் யோகம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தார். மூன்று பிள்ளைகளை வளர்த்தார். 1948இல் தொடங்கிய யோக நிலையத்தையும் லட்சுமிபுரத்தில் குடியிருந்த வீட்டிலேயே நடத்தினார். கோகுலத்து யோகசாலையெல்லாம் வெகு காலம் கழித்து வந்தது. அவருடைய குருவுக்கோ ஆறு பிள்ளைகள். ஜகன்மோகன் அரண்மனையில் இருந்த யோகசாலை 1950இல் மூடப்பட்ட பிறகு, அவர் குடும்பத்தோடு சென்னைக்கே குடிவந்துவிட்டார். 1989இல் நூறு வயதில் காலமாகும்வரை அங்கேதான் இருந்தார். வருகிறவரின் வயது, உடம்பு, உத்தியோகம் எல்லாம் பார்த்து, ஆளுக்குத் தக்கபடி சொல்லிக்கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய ‘யோக மந்திரம்’ நிலையமும் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. குரு மைசூரை விட்டுச் சென்னைக்கு வந்தார். நீ சென்னையை விட்டு மைசூருக்கு வரப் பார்க்கிறாய்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், கட்டாயமில்லை. வாரத்தில் ஆறு நாள், வீட்டில், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் செய். சனிக்கிழமையும் அமாவாசை, பௌர்ணமியும் அந்த மரபே கொடுக்கிற விடுமுறை. அந்த நாளைப் பாப்பாவுக்குக் கொடு. ப்ரைமரி சீரிஸ் முழுக்கச் செய்ய ஒன்றரை மணி நேரம் கிடைக்காத நாளில் சூரிய நமஸ்காரம் ‘ஏ’ ஐந்து, ‘பி’ மூன்று, கடைசியில் பத்மாசனத்தில் கொஞ்ச நேரம். இருபது நிமிஷம்தான். மூச்சு சீராக ஓடுகிறவரை செய், இழுபட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்து.

ஆபீசில் பிரமோஷனுக்கு அலைகிற மாதிரி அடுத்த ஆசனத்துக்கு அலையாதே. மரீச்யாசனம் ‘டி’ வரவில்லை என்று அவ்வளவு வருத்தப்பட்டிருக்கிறாய். வராவிட்டால் குடியா முழுகிவிடும்? இடுப்பு இளகாமல் காலை மடக்கினால் பாரமெல்லாம் முழங்காலில்தான் இறங்கும். யாராவது மேலே சாய்ந்து அழுத்த வந்தால், எவ்வளவு பெரிய குருவாக இருந்தாலும், வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல். பட்டாபி ஜோயிஸ் கைவைத்துத் திருத்தியபோது அத்துமீறினார் என்று பல பெண்கள் சொன்னதும், பேரன் சரத் 2019இல் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டதும் உனக்குத் தெரியாததில்லை. வித்தையைக் கும்பிடு. உடம்பை யார் கையிலும் ஒப்படைக்காதே.

ஆக, உன் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. வீட்டுக் கடன் இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலையை விட்டுவிட்டு, கைக்குழந்தையை வித்யா தலையில் கட்டிவிட்டு, தெரியாத ஊர்க்காரர்களோடு வரிசையில் நிற்பது ஒன்று. ஹாலில் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாயை விரிப்பது இன்னொன்று. எதுவானாலும் உன் இஷ்டம். ஒரு வருஷம் யாரும் பார்க்காத வீட்டில் விடாமல் செய்தாயானால், அப்புறம் உன்னை யாரும் தடுக்க முடியாது. முதல் ஆளாக நானே உனக்காக உன் அப்பாவிடம் பேசுவேன்.

ரொம்பத் திட்டிவிட்டேனோ? மனசில் வைத்துக்கொள்ளாதே, கண்ணா. நீ தாத்தா மாதிரி இல்லை. அவர் சொல்லிக்கொண்டா போனார்? நீ அத்தையிடம் கேட்கிறாயே, அதுவே எனக்குப் பெரிய பேறு. நம் குடும்பத்தில் உன்னைப் போலத் தங்கமான பிள்ளை கிடையாது. இதை உன் அம்மாவிடமும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். தசராவுக்கு மூன்று பேரும் கிளம்பி வாருங்கள். மாடி ரூமைச் சுத்தம் செய்து வைக்கிறேன். நீ காலையில் நிம்மதியாகக் கோகுலம் போய் வா, பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். பதினைந்து நாள், ஒரு மாதம், உங்கள் சௌகரியம். ரயில் டிக்கெட் என் செலவு, மறுக்கக் கூடாது. பிசிபேளாபாத்தும் மைசூர்பாகும் வேண்டுமட்டும் செய்து போடுகிறேன். யோகிக்கு நெய் ஆகாது என்று மட்டும் சொல்லிவிடாதே.

பிரியமுள்ள
அத்தை

பி.கு.: இந்தக் கடிதத்தை வித்யாவிடம் காட்ட வேண்டாம். அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.