சனி, ஞாயிறானால் ஊர் சுற்றும் மாணவர்கள்

கேள்வி: ஜெர்மனியில் படிக்கப் போன பிள்ளைகள் வாராவாரம் ஒரு ஊரிலிருந்து படம் அனுப்புகிறார்களே, ஏது இவ்வளவு பணம்?

பதில்: பெரும்பாலும் ஒரு பயணச்சீட்டின் உபயம்தான். 2023 மே மாதம் ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ அறிமுகமானபோது மாதக் கட்டணம் 49 யூரோ, பிறகு ஏறிவிட்டது. நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், மண்டல ரயில் எல்லாவற்றுக்கும் அது செல்லும். பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்தோடு இன்னும் மலிவாகவே கிடைக்கிறது. ஐசிஇ போன்ற அதிவேக ரயிலில் மட்டும் ஏறக் கூடாது. பரிசோதகர் பிடித்தால் அபராதம்.

மூனிக்கில் படிப்பவர் சனிக்கிழமை காலை ரயிலேறினால் இரண்டு மணி நேரத்தில் ஃபூசன். அங்கிருந்து பேருந்து, பிறகு மலையேற்றம். 1869-இல் இரண்டாம் லூட்விக் மன்னர் கட்டத் தொடங்கிய நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை எதிரே நிற்கும். வெளியே நின்று பார்க்கக் காசில்லை. உள்ளே போக முன்பதிவு செய்வது நல்லது. இதே சீட்டில் எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரைக்கும் போகலாம், மோட்ஸார்ட் பிறந்த ஊர்.

ஆகன் நகர மாணவர்கள் பாடு இன்னும் கொண்டாட்டம். பக்கத்திலேயே 322 மீட்டர் உயரத்தில் ஃபால்ஸர்பெர்க் குன்று: ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் சந்திக்கும் இடம்.

ஞாயிறன்று ஜெர்மனியில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். எல்லை தாண்டுவதானால் பாஸ்போர்ட்டும் வசிப்பு அட்டையும் கையில் இருக்கட்டும். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் அந்த அட்டை போதாது, தனி விசா எடுக்க வேண்டும்.