வெயில், பணம், ஓய்வு: லயத்து வீட்டைச் சீர்செய்ய வழி தெரிந்தெடுத்தல்

பூண்டுலோயாவிலோ றம்பொடையிலோ தவலந்தென்னையிலோ, கொத்மலைப் பிரதேசத்தின் எந்தத் தோட்டத்து லயத்துக்குச் சென்றாலும், கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பி, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பாடப்புத்தகத்தின் முன் உட்காரவைத்த பிறகு, கட்டிலுக்கடியில் குவிந்து கிடக்கும் மூட்டைகளைப் பார்த்து, "இதையெல்லாம் ஒருநாள் ஒதுங்கவைக்க வேண்டும்" என்று பெருமூச்சு விடாத தாய்மாரைக் காண்பது அரிது. எண்ணத்துக்குப் பஞ்சமில்லை, அது செயலாகி, செயல் பழக்கமாகி நிலைபெறுவதில்தான் தடங்கல் நேருகிறது. அந்தத் தடங்கலுக்குச் சோம்பல் என்று பெயரிடுவது பெரும் அநியாயம். விடிந்தது முதல் மலை ஏறி இறங்கும் மனிதரைக் குறித்து அவ்வாறு பேச எவருக்கும் உரிமையில்லை.

மெய்யான காரணம் வேறு. வீட்டைச் சீர்செய்வதற்கு மூன்று அனுகூலங்கள் வேண்டும்: ஈரம் உலர வெயில், சிறு திருத்தங்களுக்குப் பணம், கையும் மனமும் வேலையில் பொருந்த ஓய்வு. மலைநாட்டிலே இம்மூன்றும் ஒரே மாதத்தில் சேர்ந்து வருவதில்லை. தீபாவளி முற்பணம் கைக்கு வரும் ஐப்பசியிலே பிற்பகல்தோறும் இடியும் மழையும். வெயில் தெளிந்து காயும் தை, மாசியிலே கையில் காசில்லை. ஓய்வோ ஞாயிற்றுக்கு ஞாயிறு சில மணி நேரந்தான். மூன்றும் ஒருங்கே கூடும் நன்னாளுக்கென்று காத்திருப்பவர்களுடைய உற்சாகம் வற்றிப்போவதில் வியப்பென்ன? ஆகவே எந்த வேலையை எந்த அனுகூலத்தோடு பொருத்துவது என்று தெரிந்தெடுப்பதே இவ்விஷயத்தின் சாரம். அந்தத் தெரிவுக்கு உதவும் பொருட்டு, பலரும் கைக்கொள்ளும் வழிகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி இங்கே எழுதுகிறேன்.

சொந்தமில்லாத வீட்டுக்கு ஏன் இத்தனை பிரயாசை?

வழிகளை ஆராயுமுன் இந்த வினாவுக்கு விடை சொல்லியாக வேண்டும். 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வர்த்தகப் பயிராக நடுவதற்கு முன்னரே, கோப்பிக் காலத்திலேயே தோன்றிவிட்ட லயம், பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பராவும் அதன் முன்னே ஓர் இஸ்தோப்புமாக, ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெருகும் என்பதை எண்ணிப் பாராதவர்களால் கட்டப்பட்டது. மடக்கும்புரத் தோட்டத்தில் 1914 இல் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், தம் நாவல் ஒன்றுக்கு 'வீடற்றவன்' என்றே பெயர் சூட்டினார்கள். கூரையும் சுவரும் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம் என்றிருக்கும்வரை அந்தப் பெயரின் நியாயம் மாறப்போவதில்லை; காணியுரிமைக்கான கோரிக்கைக்குச் சுத்தமான காம்பரா ஒருபோதும் பதிலாகாது. ஆயினும் அந்தக் காம்பராவில் புகையைச் சுவாசிக்கும் நெஞ்சு நம்முடையது. அரையிருட்டில் எழுத்துக் கூட்டும் கண்கள் நம் பிள்ளைகளுடையவை. உரிமை வரும்வரை உடம்பு காத்திருக்காது. ஆதலால் நிர்வாகத்தின் சொத்தை அழகுபடுத்துகிறோம் என்று எண்ணாமல், நம் ஆரோக்கியத்தையும் நேரத்தையும் காத்துக்கொள்ளுகிறோம் என்ற தெளிவோடு தொடங்குவதே உசிதம்.

ஒரே மூச்சிலா, சிறுகச் சிறுகவா?

ஜப்பானிய மாதான மாரி கொண்டோ எழுதி உலகெங்கும் பரவிய நூல், வீட்டை ஒரே முயற்சியில், துணி, புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், நினைவுப் பொருள் என்ற கிரமத்தில், இனம் இனமாகக் குவித்துத் தெரிந்தெடுக்கச் சொல்லுகிறது. நம்மவர் பண்டிகைக்கு முந்திய வாரம் வீட்டையே வெளியே எடுத்துப் போட்டுக் கழுவுவதும் இதற்கு இனமான வழியே. இதன் சிறப்பு, பலன் பிரத்தியட்சமாகத் தெரிவது. இதன் குறை, பாதியில் மழை பிடித்தாலோ குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலோ, குவித்த குவியல் குவித்தபடியே மூட்டையாகக் கட்டிலடிக்குத் திரும்புவது. ஒரே காம்பராவில் அனைத்தையும் கொட்டிவிட்டால் அன்றிரவு பாட்டியம்மாவைப் படுக்கவைக்க இடம் ஏது?

சிறுகச் செய்யும் வழியிலே, ஒரு ஞாயிற்றுக்கு ஓர் இடம் என்று எடுத்துக்கொண்டு, அந்தி சாயுமுன் முடிக்கிறோம். பலன் பெரிதாகத் தெரியாது. ஆனால் முடிந்தது என்ற திருப்தி வாரந்தோறும் கிடைக்கும். தேயிலையைக் கையாளுகிறவர்களுக்கு இந்த இரண்டு வழிகளும் புதியனவல்ல: நாலைந்து ஆண்டுக்கொருமுறை கவ்வாத்து வெட்டி மரத்தைப் புதுப்பிப்பதும், ஏழெட்டு நாளைக்கொருமுறை சுற்று வந்து கொழுந்து எடுப்பதும் ஒரே மலையில் நடக்கும் வேலைகளே, ஒன்று மற்றதற்குப் பிரதியாகாது. வீட்டுக்கும் அப்படியே இரண்டும் வேண்டும்.

என் தீர்ப்பு இது: வெயில் வேண்டிய பெருவேலையை, அதாவது கம்பளி, மெத்தை, தலையணை, பெட்டிகள் ஆகியவற்றை வெளியே எடுத்து உலர்த்திக் கழிப்பதை, தைப்பொங்கலையொட்டி வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முன் அதைச் செய்தால் துணி உலராது. உலராத துணியை மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். கைமட்டும் வேண்டிய சிறு வேலைகளை ஞாயிறுகளுக்கு விடுங்கள். தீபாவளிக்குரியது ஒரே ஒரு கடமை: புதுத்துணி வீட்டுக்குள் வருமுன், அதே எண்ணிக்கையில் பழந்துணி வெளியேற வேண்டும்.

இடவாரியாகவா, இனவாரியாகவா?

துணியை இனவாரியாகப் பார்ப்பதே மேல். இஸ்தோப்புக் கொடியில் சில, கதவாணியில் சில, பெட்டியில் சில, கட்டிலடி மூட்டையில் சில என்று சிதறிக் கிடப்பவற்றை ஓரிடத்தில் சேர்த்த பிறகுதான், ஒரே பிள்ளைக்கு நான்கு கம்பளிச் சட்டையும் இன்னொரு பிள்ளைக்கு ஒன்றுமில்லாமையும் கண்ணுக்குத் தென்படும். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் கடந்தும் எவர் உடம்பிலும் ஏறாத துணி, அந்த வீட்டுக்கு வேண்டாத துணி. குழந்தைத் துணியை அடுத்த பேரப்பிள்ளைக்கென்று எடுத்து வைப்பது நம் குடும்பங்களின் நல்ல வழக்கம், அதை விடவேண்டியதில்லை, ஒரு சிறு பெட்டிக்குள் அடங்குமளவு வைத்துக்கொண்டு, மிஞ்சியதை லயத்தில் பிள்ளை பெற்றிருக்கும் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

குசினிக்கோ இடவாரி முறையே பொருந்தும். அடுப்படியில் கரிபிடித்த பால்மா டின்கள், மூடியிழந்த போத்தல்கள், காது உடைந்த சட்டி, அடியற்ற கொழுந்துக் கூடை, என்றைக்காவது உதவும் என்று செருகிய தகரத் துண்டு, இவற்றுக்கிடையில் காய்வதற்காகச் சாத்திய மிலாறுக் கட்டு: இவையனைத்தும் வெவ்வேறு இனமாயினும் ஒரே இடத்தைப் பற்றியிருப்பவை. ஒரு ஞாயிற்றில் அடுப்பின் வலப்பக்கம், மறு ஞாயிற்றில் இடப்பக்கம், மூன்றாவதில் பரண் என்று கொண்டால் யாருக்கும் மலைப்புத் தோன்றாது. கழித்தவற்றைச் சாக்கில் கட்டி இஸ்தோப்பில் வைப்பது கழித்ததாகாது. போத்தலும் இரும்பும் எடுக்க வருகிறவர் வரும் நாளையறிந்து, அதற்கு முந்திய ஞாயிற்றில் அவ்வேலையை வைத்துக்கொண்டால் சாக்கு மறுபடி உள்ளே வராது.

எதைக் கழிக்கக் கூடாது?

காகிதங்களின் விஷயத்தில் பிறநாட்டார் கூறும் யோசனைகளை நாம் அப்படியே ஏற்கலாகாது. பழங்காகிதங்களில் பெரும்பாலானவற்றை எறிந்துவிடு என்று அவர்கள் எளிதாகச் சொல்லுவார்கள். காகிதமில்லாமையால் நாடிழந்த சமூகம் அவ்வாறு சொல்ல முடியாது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய பின், 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள், மணமானவராயின் ஏழாண்டும் மணமாகாதவராயின் பத்தாண்டும் இந்நாட்டில் இடைவிடாது வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பிற்காலத்து முடிவுக்கு விட்டது. பிரஜாவுரிமை வழங்கிய 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரையில் இந்தக் கதை நீண்டது. தாத்தாவின் பெயர் எழுதிய ஒரு பழுப்புத் தாளுக்கு என்ன பெறுமதி என்று இதற்குமேல் விளக்கவேண்டுமா?

ஆதலால் காகிதத்தை மூன்றாகப் பிரியுங்கள். பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டை, பிரஜாவுரிமைத் தாள்கள், ஊழியர் சேமலாப நிதி மற்றும் ஊழியர் நம்பிக்கை நிதி ஆவணங்கள், காணியோ வீடோ பற்றிய கடிதங்கள் ஆகியவை முதல் வகை. இவை ஒருபோதும் கழிபடலாகாது. சம்பளத் துண்டு, வைத்தியசாலைக் குறிப்பு, பள்ளிக்கூட அறிக்கை ஆகியவை இரண்டாம் வகை. இவற்றை ஆண்டுவாரியாகக் கட்டி வைக்கலாம். விளம்பரத் தாள், பழைய கலண்டர், பொருள் வந்த பெட்டி ஆகியவை மூன்றாம் வகை. இவை அடுப்புக்கு உரியவை. முதல் வகையைத் தண்ணீர் புகாத பையிலிட்டு, வாசலுக்கருகே, வீட்டார் எல்லோரும் அறிந்த ஆணியில் மாட்டிவையுங்கள். 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைக் குலைத்ததையும் அறிந்தவர்களுக்கு, ஓடும்போது கைக்கெட்டும் பை ஏன் வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தனித்தா, கூடியா?

காம்பராவின் உட்புறத்தைக் குடும்பத்தார் தாமே செய்துகொள்ளுவது நல்லது. அங்கே அயலார் யோசனை கூச்சத்தையே வளர்க்கும். வீட்டுக்குள்ளும் ஒருவர் பொருளை மற்றவர் கழிக்கலாகாது. மாமியாருடைய தகரப்பெட்டியை மருமகள் தாமாகத் திறந்து துப்புரவு செய்யும் வீட்டில், அடுத்த ஞாயிற்றில் எவரும் வேலைக்கு ஒத்துவரமாட்டார்கள். பெட்டிக்குரியவரையே உட்காரவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டுச் செய்வதே முறை.

லயத்துக்குப் பின்னாலுள்ள கான், பீலியடி, குப்பைக் குழி ஆகியவை பொதுவானவை; இவற்றில் தனிமுயற்சி நிலைக்காது. ஒரு வீட்டார் தம் பங்குக் கானை வாரினாலும் மேல்வீட்டுக் குப்பை மழையோடு வந்து அடைக்கும். 1958 இல் ஏ. டி. ஆரியரத்ன அவர்கள் மாணவர்களோடு கனத்தொலுவைக் கிராமத்தில் ஆரம்பித்து நாடெங்கும் பரப்பிய சிரமதானமே இதற்குத் தக்க வழி: மாதத்தில் ஒரு ஞாயிறு, வீட்டுக்கு ஒருவர், இரண்டு மணி நேரம். அடைபட்ட கானில் தேங்கும் நீர் சரிவு மண்ணுக்குள் ஊறும் என்பதால், இது அழகுக்கான வேலை மட்டுமன்று. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்புக் கண்டால் மட்டும், துப்புரவை விட்டுவிட்டு, அங்கிருந்து விலகிக் கிராம உத்தியோகத்தருக்கு உடனே அறிவியுங்கள்.

சிறு பணத்துக்கு முதல் திருத்தம் எது?

சிறிது பணம் கிடைத்தால் பலரும் முதலில் நாடுவது சுவருக்குப் பூச்சு. அது மனத்துக்கு மகிழ்ச்சி தரும். ஆனால் விறகுப்புகை ஓயாத வீட்டில் ஆண்டு திரும்புவதற்குள் மங்கிவிடும். ஆகையால் புகையைக் குறைப்பதே முதல் திருத்தமாக இருக்கத்தக்கது. இரண்டு பானை ஒருங்கே வைக்கக்கூடிய அனகி மண்ணடுப்பு, மூன்று கல் அடுப்பைக் காட்டிலும் விறகைக் குறைவாகக் கொள்ளும். விறகு குறைந்தால் விறகு சுமக்கும் நேரமும் குறையும். அந்த நேரமே ஞாயிற்று ஓய்வாக உங்களுக்குத் திரும்பி வரும். இரண்டாவது, சுவரிலே இரண்டு பலகைத் தட்டு: ஒன்று பிள்ளைகளின் புத்தகத்துக்கு, மற்றது குசினிப் பாத்திரத்துக்கு. மூன்றாவது, நிர்வாகத்தின் அனுமதி பெற்று, கூரையில் ஒளி புகும் தகடு ஒன்று. இவை முடிந்த பிறகு பூச்சுக்கு வாருங்கள். அப்போது அது நிலைக்கும்.

ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனிவீடு பெற்றுக் குடியேறியவர்களுக்குக் கிரமம் சற்று மாறும். லயத்தில் சேர்ந்த மூட்டைகளைப் பிரிக்காமலே புதுவீட்டுக்குக் கொண்டுபோனால், ஓர் அறை களஞ்சியமாகிவிடும். கழிப்பதை லயத்திலேயே முடித்துவிட்டுப் புறப்படுங்கள். பிறகு வீட்டைச் சுற்றியுள்ள நிலத்துக்குக் கையைத் திருப்பி, கரட், லீக்ஸ், கோவா என்று இம்மண்ணுக்கு இசைந்தவற்றை ஒரு சிறு பாத்தியில் தொடங்குங்கள். சமையற் கழிவு அங்கே உரமாகும்.

உற்சாகம் தளராதிருக்க

உற்சாகம் வந்த பிறகு வேலை தொடங்குவோம் என்பது பலருடைய கருத்து. அனுபவம் அதற்கு மாறானது. முடிந்த வேலைதான் அடுத்த வேலைக்கு உற்சாகத்தைப் பெற்றுத் தருகிறது. ஆகையால் அந்திக்குள் முடியக்கூடிய அளவையே எடுங்கள்; முடிந்ததைச் சுவர்க் கலண்டரில் பிள்ளையின் கையால் குறிக்கச் செய்யுங்கள்; மழையாலோ பெயர்போடும் ஞாயிற்று வேலையாலோ ஒரு வாரம் தவறினால், இரண்டு வாரத்து வேலையை ஒன்றாக்காமல் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று தயங்குகிறவர்கள் காகிதத்திலிருந்து தொடங்கட்டும். அதற்கு வெயில் வேண்டாம், பணம் வேண்டாம். மழை பெய்யும் ஒரு ஞாயிற்றுப் பிற்பகலில், கட்டிலில் அமர்ந்தபடியே, பாட்டியம்மாவும் பேரப்பிள்ளையும் சேர்ந்து செய்து முடித்துவிடலாம். வீட்டிலுள்ள மற்றெல்லாச் சாமான்களையும் ஒழுங்குசெய்வதை விட இதிலே குடும்பத்துக்குக் கிடைக்கும் நன்மை பெரிது.