ஒலுவில் முகில் அம்பாறையில் தெரிந்தால்

பௌதிகவியலோ கணிதமோ புவியியலோ படித்துவிட்டுச் செய்மதித் தரவில் தொழில் தேடுகிறீர்களா? கொழும்புக்கு பஸ் ஏறுமுன் ஒலுவில் துறைமுகத்துக்குப் போங்கள். 2013இல் திறந்த துறைமுகத்தின் வாயை மணல் அடைப்பது பெரிய கவலைதான். ஆனால் முகில் அளக்கப் பழக அங்குள்ள மறைப்பில்லாத வானம் போதும்.

காலை 8.30க்கு அண்ணாந்து பாருங்கள். வானத்தை எட்டுப் பங்காக்கி, எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று குறியுங்கள். இந்த அளவுக்கு ஒக்டா என்று பெயர். உலக நேரம் 3 மணி நமக்கு 8.30; செய்மதிக் கோப்புகள் உலக நேரத்தில்தான் வரும். ஐந்தரை மணியைக் கூட்ட மறந்தால் ஒப்பீடே வீண்.

அடுத்து, அதே நேரத்து ஹிமாவாரி, இன்சாட்-3டிஆர் செய்மதிப் படங்களை எடுங்கள். இங்குதான் தொழில் தொடங்குகிறது. ஜப்பானின் ஹிமாவாரி 140.7 பாகை கிழக்கில் நிற்கிறது. நம்மை மிகச் சாய்வாகப் பார்க்கிறது. பத்துக் கிலோமீற்றர் உயர முகில், சாய்வைத் திருத்தாத படத்தில் இருபது கிலோமீற்றருக்கு மேல் மேற்கே நகர்ந்துவிடும். ஒலுவிலுக்கு மேலே நிற்கும் மழைமுகில் அம்பாறை நகரின் மேல் தெரியும்! சாய்ந்த பார்வையில் முகிலின் பக்கங்கள் இடைவெளியை மறைப்பதால் மூட்டமும் கூடுதலாகத் தோன்றும். 74 பாகையில் நிற்கும் இன்சாட்டில் இந்த நகர்வு இரண்டு கிலோமீற்றர் அளவுதான். இந்தத் திருத்தத்தைப் பைதனில் நீங்களே எழுதுங்கள். ஆயத்த நிரலை ஓட்டத் தெரிந்தவரைவிட இதைக் கைப்படச் செய்தவரையே நான் வேலைக்கு எடுப்பேன்.

பின்லாந்து போன்ற வடநாடுகளின் தலைவலியும் இதேதான். நிலநடுக்கோட்டுக்கு மேல் நிற்கும் செய்மதிக்கு அவை விளிம்பில் கிடக்கின்றன. அதனால் துருவங்களைச் சுற்றும் செய்மதிகளை நம்புகிறார்கள். வெண்பனியும் முகிலும் ஒரே வெள்ளை; 1.6 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் பனி இருண்டு, நீர்முகில் ஒளிரும். மாதக்கணக்கில் நீளும் துருவ இருளில் அந்த வழியும் அடைபடும். 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் செய்மதி, தன் லேசராலும் ராடாராலும் இருளிலும் முகிலைத் துழாவுகிறது.

கணினி வானிலை மாதிரிகளையும் ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈஆர்ஏ5 என்ற மீள்பகுப்பாய்வுத் தரவு இலவசம். அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 28 கிலோமீற்றர். நம் கரையில் வயலும் கடலும் ஒரே எண்ணாகிவிடும்.

வளிமண்டலவியல் திணைக்களமோ, சூரிய மின்சார முன்கணிப்போ, வெளிநாட்டு ஆய்வுப் படிப்போ, எதற்கு விண்ணப்பித்தாலும் ஒரு வாடைக்காலமும் ஒரு கச்சான் காலமும் அடங்கிய அட்டவணையை இணையுங்கள். கண்ணும் செய்மதியும் ஒத்துப்போகாத நாட்களை நீக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் கேள்வி அந்த வரிகளிலிருந்துதான் வரும்.