இடையில் நின்ற கல்லூரிப் படிப்பு: ஒரு வரவு செலவுக் கணக்கு

உழவு, விதை, உரம் என எல்லாச் செலவும் செய்தபின், கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் வயலுக்கு நீர் பாய்ச்சாது விடும் உழவர் எவரும் இலர். ஆனால், கல்லூரியில் சேர்த்த பிள்ளையை இடையில் நிறுத்திவிடும் குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. இதனால் விளையும் நட்டத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

கல்லூரிப் படிப்பின் செலவு இருவகைப்படும். கட்டணம், புத்தகம், பேருந்து முதலியன கைப்பணமாகச் செல்பவை. படிக்கும் பிள்ளை வேலைக்குச் சென்றிருப்பின் கிடைத்திருக்கக்கூடிய கூலி மற்றொன்று. இது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எனினும் ஏழைக் குடும்பத்துக்கு இதுவே பெருஞ்சுமையாகும்.

முதல்வகைச் செலவைக் குறைக்கத் தமிழக அரசு பல வழிகளை வகுத்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை 2010-11ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வி பெறும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022ஆம் ஆண்டிலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன.

இனி, கூலி இழப்பைக் காண்போம். நாள் கூலி 500 ரூபாய், மாதம் 20 நாள் வேலை என வைத்துக்கொண்டால் மாத வருமானம் 10,000 ரூபாய். உதவித் தொகை இதில் பத்தில் ஒரு பங்கே. வீட்டில் நோயோ, வறட்சியோ நேரும்போது படிப்பு நின்றுவிடுவதன் காரணம் இதுவே.

ஆயினும், நிறுத்தினால் ஆதாயம் உண்டா? ஆண்டுக்குப் பத்து மாதக் கூலி 1,00,000 ரூபாய். இரண்டாண்டு பயின்றவன் 2,00,000 ரூபாயை முன்னரே இழந்துவிட்டான், அது திரும்பாது. எஞ்சியுள்ள ஓராண்டுக் கூலியை விட்டுக்கொடுத்தால் முழுப் பட்டமும் கைக்கு வரும். அரைப் படிப்புக்கோ அரை மதிப்பும் இல்லை. தேர்வாணையத்தின் தொகுதி 2 தேர்வுக்குப் பட்டம் வேண்டும். இரண்டாண்டுப் படிப்பு அதற்கு உதவாது. ஆதலின், இறுதியாண்டை நெருங்க நெருங்க, நிறுத்துவதன் நட்டம் மிகுகின்றது. அப்பிள்ளைக்காக அரசு செலவிட்ட பொதுப்பணமும் அதனுடன் வீணாகின்றது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யக்கூடியவை சில உள. ஊரில் கல்லூரி செல்வோரின் பட்டியலை வைத்திருத்தல் வேண்டும். முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தின் வழியே உரிய காலத்தில் பெற வழிகாட்டலாம். கல்லூரி நேரத்துக்கு ஏற்ற பேருந்தைக் கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் இயற்றலாம். தவறிய பாடத்தை மீண்டும் எழுதித் தேறலாம் என்பதைப் பெற்றோருக்கு எடுத்துரைக்கலாம். ஒரு பிள்ளை கல்லூரிக்குச் செல்லவில்லை எனத் தெரிந்த அன்றே அவ்வீட்டுக்குச் சென்று விசாரித்தல் எல்லாவற்றினும் நன்று.