நீச்சற் குளமும் புரோமினும்

"நீச்சற் குளத்து மருந்திலிருந்து புரோமின் எடுக்கலாமாமே, மெய்தானா?" என்று விடுதி நண்பர்கள் சிலர் என்னைக் கேட்டனர். மெய்தான். ஆனால் அது எவ்வாறு வருகிறது என்று அறிவது வேறு. விடுதி அறையில் எடுக்க முனைவது வேறு.

1826-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் மோன்பெலியே நகரத்து இளைஞர் பாலார், புரோமினைக் கண்ட செய்தியை உலகுக்கு அறிவித்தார். அப்போது அவர் வயது 23, என் வயதுதான்! உப்பு விளைந்தபின் உப்பளத்தில் எஞ்சும் கசப்பு நீரில் அவர் குளோரினைச் சேர்த்தார்; நீர் மஞ்சள் நிறங் கொண்டது. காரணம் என்ன? கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு உண்டு. நீர் வற்ற வற்ற அது கசப்பு நீரில் திரளும். எலெக்ட்ரானைப் பறிப்பதில் குளோரின் வல்லது; பறிகொடுத்த புரோமைடு, புரோமினாக வெளிப்படும். நாம் பயிலும் இந்தக் குஜராத்திலும் கச்சுப் பகுதியின் கசப்பு நீரிலிருந்து புரோமின் எடுக்கிறார்கள்.

வெந்நீர்க் குளியல் தொட்டியில் நிகழ்வதும் இதுவே. சோடியம் புரோமைடைக் கரைத்து, பொட்டாசியம் மோனோபெர்சல்பேட் போன்ற ஆக்சிகரணி ஒன்றை இடுவர். அது எலெக்ட்ரானைப் பறிக்க, ஹைப்போபுரோமஸ் அமிலம் பிறந்து கிருமிகளைக் கொல்லும். பின் மீண்டும் புரோமைடாகும். ஆக்சிகரணி அதை மறுபடி எழுப்பும். தொட்டியில் நீர் மிகுதி, மருந்து சொற்பம், ஆதலால் தீங்கில்லை. அமிலத்தில் செறிவாகச் சேர்ந்தாலோ செந்நிறப் புரோமினே பிரியும். மேனாட்டு ஆர்வலர்கள் சிலர் எடுப்பது இவ்வழியில்தான்.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். புரோமின் 59 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். சாதாரண அறையிலும் விடாது ஆவியாகும். அவ்வாவி காற்றினும் கனமானது; தரையோடு படியும்; நுரையீரலைப் புண்ணாக்கும். திரவம் தோலிற் பட்டால் ஆழ்ந்த புண் உண்டாகி, எளிதில் ஆறாது. குளத்து மருந்துகளில் பல வகை உண்டு. கால்சியம் ஹைப்போகுளோரைட்டுடன் வேறு வகை மாத்திரைகளைக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவுங்கூடும். நால்வர் உறங்கும் அறை இதற்கு இடமா?

கண்ணாற் காண விரும்பும் நண்பர்களே! நம் துறைச் சோதனைச்சாலைக்கு வாருங்கள். ஆசிரியர் முன்னிலையில், ஆவியை வெளியே இழுக்கும் அலமாரியினுள், நீர்த்த புரோமைடுக் கரைசலில் சில துளி குளோரின் நீர் விடுவோம். சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் எழும். பாலார் கண்ட நிறம் அதுவே. அருகில் ஹைப்போக் கரைசலும் ஆயத்தமாக இருக்கும்; அதை ஊற்றினால் நிறம் மறையும், நஞ்சும் அடங்கும். ஒரு துளியும் புட்டியில் சேர்க்காமலே புரோமின் வரும் வழியைக் கற்றுவிடலாம்.